ஒரு நூல்

மாதவரத்துக் கம்ப்யூட்டர்காரன்
வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு
‘இதுக்கு இன்னாத்துக்கு அலைன்மென்ட்டு’ என்றான்.

ஞாயிற்றுக்கிழமை, காலடிப்பேட்டை.
ஐஸ் ஃபேக்டரி லீவு.
எங்கள் சந்தில் மட்டமான தரை
மொத்தமே இருபத்திரண்டடி,
போன மாசம் போட்ட சிமென்ட்.
அதிலும் நாய் நடந்த தடம் ஆறு.

நானூத்தியேழை அதில் ஏற்றி நிறுத்தினேன்.
வாங்கின நாளிலிருந்து இடப்பக்கம் இழுக்கும் வண்டி.
நாலு வருஷம். மூன்று ஜோடி முன்டயர்.
எல்லாமே உள்பக்கம் மட்டும் வழுக்கை.

இருதயராஜ் தங்கூசி கொடுத்தான்,
‘அறுத்தா காசு’ என்று சொல்லி.
நாலு பெயின்ட் டப்பாவில் மணல் ரொப்பி
பக்கத்துக்கு இரண்டாய் வைத்து
சக்கரத்தின் நடு உயரத்தில் இழுத்துக் கட்டினோம்.
மொய்தீன் அடித்த பந்து பட்டு
கொஞ்ச நேரம் ஙொய் என்றது.
மறுபடி கட்டினோம்.
வலது சக்கரம் நூலைப் பார்த்து நின்றது,
இடது முகத்தைத் திருப்பிக்கொண்டு.

டேப் பிடிக்க ரெஜினா.
எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினாறு வருஷமாய்க்
காலர் வெட்டுகிறவள்.
என் ஸ்டீல் டேப்பை நீட்டிப் பார்த்து
‘கொக்கி ஆடுது.
ஒண்ணுலேருந்து வெச்சு அள,
கடைசியில ஒண்ணு கழி’ என்றாள்.

மில்லிமீட்டர் எனக்கு வராது. அவளுக்கும் வராது.
இஞ்சுக்கு எட்டு நூல்,
கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் தையல்காரிக்கும்
அது ஒன்றுதான்.

முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்:
வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் ஆறு நூல் குட்டை.
நான் நம்பவில்லை.
‘நீயே படு. நீயே படி.’
படுத்தேன். படித்தேன். ஆறேதான்.

பட்டைக்கட்டுக்குள் சென்டர் போல்ட்
எப்போதோ உடைந்து
அச்சு பின்னே நகர்ந்து
துருவோடு துருவாய் அங்கேயே குடியிருந்தது.
யூ கிளாம்ப் நட்டுகளில் பைப்பை மாட்டி
இரண்டு பேரும் தொங்கியபின் கீச்சிட்டன.
திறந்திருந்த ஒரே கடை தண்டையார்பேட்டையில்,
போல்ட் நாற்பது ரூபாய்.
செயின் பிளாக் போட்டு அச்சை முன்னே இழுத்தபோது
கொஞ்சம் துரு கொட்டியது, அவ்வளவுதான்.

பிறகு ஜாக்கி.
சக்கரத்தைச் சுழலவிட்டு ஆணி முனையால்
டயரின் நடுவே சுற்றிலும் ஒரு கோடு கீறினேன்.
இறக்கி, நாலடி உருட்டி,
கோட்டுக்குக் கோடு அளந்தோம்.
நான் வலது முனை, அவள் இடது முனை,
நடுவில் ஆயில் சொட்டும் இருட்டு.
முன்பக்கம் இரண்டு நூல் அகலம்.
வேண்டியது ஒரு நூல் ஒடுக்கம்.

டை ராடை ரெஞ்சால் திருகினேன்.
‘இன்னும்.’
‘இன்னும்.’
‘ஐயோ, தாண்டிட்ட. அரை நூல் திரும்பு.’
இருட்டுக்கு அப்பாலிருந்து குரல் மட்டும்.

மூன்று மணி வெயிலில் எண்ணூர் விரைவுச் சாலை.
இடது ஓரம் கன்டெய்னர் லாரிகள் தூங்க
மற்றது காலி.
வண்டி நேராய்த்தான் போகப் பார்த்தது.
என் கைதான் அதை
தடுப்புச்சுவர் பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தது,
இல்லாத இழுப்பை எதிர்த்து.

‘கையை எடு.’
எடுத்தேன்.
பத்து எண்ணும்வரை நேர்க்கோடு.

‘உன் சட்டைக்கு வலது தோளை
ஒரு நூல் இறக்கித்தான் வெட்டறேன்,
ரெண்டு வருஷமா.
கண்ணாடியில பாத்ததில்லியா நீ?’
பார்த்திருக்கிறேன்.
சட்டை நேராகத்தான் இருந்தது.

எர்ணாவூர் நெருங்கும்போது கேட்டாள்:
‘லாக் நட்டு ரெண்டையும் முறுக்கினியா?’

ஒன்று நினைவிருந்தது.
ஓரம் கட்டினேன்.
கொதிக்கும் தாரில் சாக்கை விரித்து
ஸ்பானரோடு அடியில் நுழைந்தேன்.
வெளியே நீட்டிய என் கால்களுக்குப் பக்கத்தில் நின்று
வருகிற டிரெய்லருக்கெல்லாம்
கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.