நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

பீஷான் நிலையத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்,
இந்தப் பக்கம் நான்.
வெளியே வந்தால் அட்டையில் காசு கழியும்.
தடுப்பின் மேலாகவே கைமாறியது பொட்டலம்.
எழுபது வெள்ளி.
சோவியத் இருந்தபோது செய்தது என்றார் கெங் ஹுவாட்.
குலுக்காதே என்றார்.
திருப்பித் தந்தால் வாங்கமாட்டேன் என்பதை
இரண்டு தரம் சொன்னார்.

யீஷூன் வரை மடியிலேயே வைத்திருந்தேன்
முட்டை வாங்கி வருகிறவனைப் போல.

கண்ணாடிக்குள் காற்றில்லை.
உச்சியில் வெள்ளிப் பூச்சு, ஓரம் கறுத்து.
பூச்சு பால்நிறமாய் வெளுத்தால் வால்வு செத்தது.
இது சாகவில்லை.

பழையதைக் கழற்ற அவசரம் ஆகாது.
விசையை அணைத்து
சூடு இறங்கும்வரை ஒரு கோப்பி ஓ.
பிறகு துணியால் பிடித்து
பால்பல்லை ஆட்டுவதுபோல் இப்படி, அப்படி.
புதியதன் அடியில் ஒரு சிறு முனை உண்டு.
அது தன் பள்ளத்தைக் கண்டுகொள்ளும்வரை
சுழற்ற வேண்டும்.
கண்டுகொண்டது விரலுக்குத் தெரியும்.

"ஆறு மாசத்துல இது அஞ்சாவது"
துணிக்கழியைச் சன்னலுக்கு வெளியே நீட்டியபடி
பூங்கோதை.

அவளிடம் காட்டாத காகிதம் ஒன்று
அலமாரியில், வரி ரசீதுகளுக்கு அடியில்.
துவாஸ் கப்பல்பட்டறையில் வருடம் ஒருமுறை
எங்களைப் பெட்டிக்குள் உட்காரவைத்து
ஒலி கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள்.
பதினெட்டு வருடம் இரும்பை அராவியவன் நான்.
நூர்ஹயாத்தி காகிதத்தை என் பக்கம் திருப்பினாள்.
நேராக வந்துகொண்டிருந்த கோடு
நாலாயிரம் ஹெர்ட்ஸில்
மூடியில்லாத கால்வாயில் கால்வைத்தவன்போல
விழுந்தது.
அமுக்க மறந்துவிட்டீர்களா என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன்.

அந்தப் பள்ளத்துக்குள்தான் கிடக்கிறது
கஞ்சிராவின் காசு.
ஒரு பழைய கச்சேரிப் பதிவு,
தனி ஆவர்த்தனம், பதினேழாம் நிமிடம்.
விரல் கேட்கிறது.
உள்ளங்கை அழுத்த உடும்புத்தோல்
கும்மென்று குழைவது கேட்கிறது.
மரச்சட்டத்தில் செருகிய காசு மட்டும்
எனக்கு வாசிக்கப்படுவதில்லை.
ஐந்து வால்வும் அந்தக் காசுக்குத்தான்.

இழை சிவந்தது. ஹெட்ஃபோனை மாட்டினேன்.
பதிவை ஓடவிடுமுன்னே
மெல்லிய, நீளமான ஒரு ரீங்காரம்.
கெட்ட வால்வு.
சில அப்படித்தான், தட்டினால் மணியடிக்கும்,
மேல்வீட்டுக் காலடிக்கும் சிணுங்கும்.
எழுபது வெள்ளி!
அணைத்தேன். ஆறவிட்டுக் கழற்றினேன்.
வெறும் துளைகள் எட்டும் என்னைப் பார்த்தன.
ஹெட்ஃபோன் மேசையில் கிடந்தது.
ரீங்காரம் நிற்கவில்லை.

எத்தனை மாதமாய் இருந்ததோ.
நல்ல வால்வுகளையும் குறைசொல்லி
அடிமாட்டு விலைக்கு விற்றிருக்கிறேன்,
ஒலிப்பது நான் என்று தெரியாமல்.

மறுபடி செருகினேன். சூடேறட்டும்.
"இங்க வா. இதைக் காதுல மாட்டு. பாட்டு இல்ல, சும்மா கேளு."
ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.
கண்ணை மூடினாள்.
நூர்ஹயாத்தியின் காகிதத்தைப் பார்த்ததுபோல்
அவள் முகத்தைப் பார்த்தேன்.
"ஊசி மாதிரி ஏதோ..."
பெட்டியை விரலால் தட்டினேன்.
"ஐயோ, மணி! இதையா எழுபதுக்கு வாங்குனீங்க?"

இதைத்தான்.
இரண்டு ரீங்காரத்தில் ஒன்றாவது
இன்னொருவருக்கும் கேட்கிறது.
கெங் ஹுவாட்டுக்கு எழுதத் தொடங்கியதை அழித்தேன்.

"கழட்டாத" என்றேன்.
பதினேழாம் நிமிடத்துக்குத் தள்ளினேன் பதிவை.
"சில்லுனு ஒரு காசுச் சத்தம் வரும்.
வர்றப்பல்லாம் என் மணிக்கட்டை அமுக்கு."

ஒரு முறை அமுக்கினாள். உடனே இன்னொரு முறை.
பிறகு விரல் தடுமாறி
பிடித்தபடியே நின்றுவிட்டது.

"நிக்காம வருதே. எப்ப விடுறது?"

கேட்டுவிட்டு
கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.