அதற்கு முன்

ஏழாம் வகுப்பு ஆ பிரிவுக்கென்று
நாற்பது பக்க நோட்டில் ஸ்கேல் வைத்து
மூன்று கட்டம் போட்டேன்.
என்ன நடந்தது.
அதற்குப் பின்.
அதற்கு முன்.

முதல் கட்டம் தானாக நிரம்பியது.
ஆக்னலின் முதுகில் காம்பஸ் முனை.
ஜாமெண்ட்ரி பாக்ஸ் ஜன்னல் வழியே.
மைதீனின் தோளில் பல் தடம்.
பல் யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை,
இசக்கிதுரை
இன்னும் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் கட்டம் அதைவிட எளிது.
வெளியே நிற்க வைத்தேன்.
வெளியே நிற்க வைத்தேன்.
மேற்படி.
மேற்படி.

மூன்றாவது வெள்ளையாகவே கிடந்தது.
"சும்மா இருக்கும்போதே அடிக்கான் டீச்சர்"
என்றது வகுப்பு.
"வளர்ப்பு" என்றார் சாமிதாஸ் சார்,
வடையைச் சட்னியில் முக்கியபடி.
டி.சி. கொடுத்துவிட்டால் காவல்கிணற்றில் சேர்த்துக்கொள்வார்களாம்,
கிழிந்த பத்து ரூபாய்த் தாளை
அடுத்த கடையில் தள்ளிவிடுகிற மாதிரி.

அவன் அம்மாவை வரச்சொன்னோம்.
வாழைக்கறை சேலையோடு
அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவள்
நாங்கள் வாய் திறக்கும் முன்பே சொன்னாள்:
"கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிருங்க."
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
கடைசிவரை உட்காரவில்லை.

ஆடி பிறந்தது.
கணவாய் வாய்திறந்து
பணகுடியில் ஜன்னல்கள் தலையில் அடித்துக்கொண்டன.
கதவுக்குக் கல் வைத்தோம், பதிவேட்டுக்கு டஸ்டர்.

அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.
உரைநடைப் பாடம், ஆளுக்கொரு பத்தி, பெஞ்சு வரிசையாக.
பேச முடியாததால் பார்த்துக்கொண்டிருந்தேன்.
முத்துச்செல்வி படிக்கிறாள்.
இசக்கிதுரையின் கண் புத்தகத்தில் இல்லை.
கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறுகிறது.
இன்னும் நான்கு பேர்.
இன்னும் மூன்று.
அவனுக்கு விழப்போகும் பத்தியை நானும் தேடினேன்.
ஒன்பது வரி.
அதில் 'தட்பவெப்பநிலை' இரண்டு இடத்தில்.
ஆக்னல் எழுந்து பக்கத்தைப் பிரித்தான்.
கை ஓங்கியது.

கட்டிய தொண்டையிலும் வந்துவிட்டது, பழகிய நாக்கு:
"வெளிய போலே!"

அவன் போன வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.
தண்டனைக்குப் போகிறவன் நடை இல்லை,
கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டவன் நடை.

ராத்திரி மூன்றாம் கட்டத்தை மேலிருந்து நிரப்பினேன்.
வாசிப்பு.
வாசிப்பு.
கரும்பலகைக்குக் கூப்பிட்டது.
வாசிப்பு.
பேனாவை மூடி, மறுபடி திறந்து,
நான்.

ஆறு வகுப்பு ஏறி வந்தவன்
எழுத்துக்கூட்டத் தெரியாததை
அடித்தும் கடித்தும் காத்து வைத்திருந்தான்.
மக்கு என்பதைவிடப்
போக்கிரி மதிப்பான பெயர்.

பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை.
வரிசைப்படி படிக்கச் சொல்வதை நிறுத்தினேன்.
ஒன்றாம் வகுப்புப் புத்தகத்துக்கு
ஏழாம் வகுப்பு அறிவியலின் அட்டையைப் போட்டேன்.
சாப்பாட்டு மணிக்குப் பிறகு இருபது நிமிடம்,
சத்துணவு அரிசி மூட்டைகளுக்கு நடுவில்.
அப்புறம் ஒரு ஒப்பந்தம்:
முடியாதபோது ரப்பரை பெஞ்சு ஓரத்தில் வை.
நான் பார்ப்பேன், கேட்க மாட்டேன்.
வெளியே போய்
எத்தனை காற்றாடி சுத்துது என்று எண்ணிவிட்டு வா.

வெகுநேரம் என் முகத்தையே பார்த்தான்.
"அடிக்காமயே வெளிய போலாமா டீச்சர்?"

திங்கட்கிழமை பதினேழு என்று வந்து சொன்னான்.
செவ்வாய்க்கிழமை அந்த ரப்பரே
ஆக்னலின் நெற்றியில் பறந்தது.
எழுதி வைத்திருக்கிறேன்.
சாமிதாஸ் சார் சிரித்ததை எழுதவில்லை.

இன்று ஐந்தாவது பீரியட்.
ரப்பர் ஓரத்துக்கு வந்தது.
நான் பார்ப்பதற்குள்
காற்று தட்டிவிட்டது.
ஆக்னல் குனிந்து எடுத்தான்,
ஊதினான்,
அதே ஓரத்தில் வைத்துவிட்டுத்
தன் பத்தியைத் தொடர்ந்தான்.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?