இமாம்பாடாவில் ஒரு தீக்குச்சி

பரேலியிலிருந்து வந்த ரயிலைப்
பனிமூட்டம் நாலு மணி நேரம் தின்றுவிட்டது.
லக்னோவுக்கு மிச்சம் ஒரு பகல், ஓர் இரவு.

முதலில் கபாப்.
பல் போன நவாபுக்காக
வெண்ணெய் மாதிரி அரைத்தார்களாம் இறைச்சியை.
கதையை நான்தான் சொன்னேன்,
குமுத் தலையாட்டினாள்.
அவளுக்கும் சேர்த்து
இன்னொரு தட்டு சொன்னேன்.

பிறகு இமாம்பாடா.
வழிகாட்டி சிப்தைன், கன்னத்தில் அடக்கிய பானோடு,
"சுவருக்குக் காது என்பார்கள் சக்சேனா சாஹிப்,
எங்கள் சுவருக்கு நாக்கும் உண்டு" என்றார்.
மாடத்தின் அந்தக் கோடிக்கு அவளை அனுப்பினார்
தீப்பெட்டியுடன்.
தூரத்தில் ஒரு சிவப்புச் சால்வை,
அவ்வளவுதான் அவள்.

உரசினாள்.
என் காதோரம் பற்றியது.

வித்தை முடிந்து
சிப்தைன் அடுத்த கூட்டத்திடம் போய்விட்டார்.
சுவர் நிறுத்தவில்லை:
"கபாப் பிடிக்கவே இல்லை.
பூனைக்குப் போட்டேன், ரெண்டு தட்டும்."
கொஞ்சம் பொறுத்து,
"நைனிதாலும்தான்."

நைனிதால்
எங்கள் தேனிலவு.
பத்தொன்பது வருஷம்.

"கேட்டதா?" என்றாள் திரும்பி வந்து.
"தீக்குச்சி கேட்டது" என்றேன்.

விடியற்காலை, கோல் தர்வாஸா.
இரவெல்லாம் பனியில் வைத்துக் கடைந்த பால்நுரை,
குங்குமப்பூ தூவி, தொன்னையில்.
"வெயில் வந்தால் இருக்காது பாபுஜி, சீக்கிரம்."
எப்படி இருக்கிறதென்று
நான் சொல்லவில்லை.
வாயில் ஒன்றுமில்லாமல் போன பிறகும்
வாய் திறக்காமல் நின்றேன்.

அவள் விரலை நக்கினாள்.
காலித் தொன்னையைக் கடைக்காரனிடம் நீட்டினாள்.
ஒன்பதரை ரயில் என்று நினைவூட்டினேன்.

"பனிமூட்டம்" என்றாள்,
"எப்படியும் தாமதம்தான்."