ஒற்றைக்கொம்பு

நீதிமன்றத்துக்கு எதிரே போட்டோப்பிரதிக் கடை.
உள் மேசை என்னுடையது.
பக்கத்துக்கு நூறு ரூபாய். பொய்க்கும் அதே விலை.

கமலதாசனின் தம்பி நான்காம் முறை வந்திருக்கிறான்,
உறைக்குள் சட்டத்தரணியின் கிறுக்கலோடு.

முதல் மனுவில்
அன்றிரவு நிலவே இல்லை என்றார்கள்.
பஞ்சாங்கத்தில் இருந்தது. தள்ளுபடி.
இரண்டாவதில்
பொலிசில் நிறுத்த மண்வெட்டி
மன்றுக்கு வந்தபோது நாற்பது கிராம் குறைவு.
சேறு காய்ந்தால் குறையாதா என்று
நான் கேட்கவில்லை, காசு வாங்கியிருந்தேன்.
கொழும்பில் கேட்டார்கள். தள்ளுபடி.
மூன்றாவது, பச்சை மையில் யாரோ இட்ட கையெழுத்து பற்றி.
அதை அடித்த நாள் எனக்குக் காய்ச்சல்.

இன்று இது:
‘குற்றப்பத்திரத்தில் இறந்தவர் பூபாலரத்தினம்.
பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பூபாலரெத்தினம்.
ஆகவே கனம் மன்றுக்குப் பணிவுடன் சமர்ப்பிப்பது,
குற்றப்பத்திரம் குறிப்பிடும் நபர்
கொல்லப்படவே இல்லை.’

பாமினியில் கொம்பை முதலில் அடிக்க வேண்டும்,
பிறகுதான் ர.
அடித்தேன். அழித்தேன். அடித்தேன்.
இந்தச் சின்ன வளைவுக்குள்ளா
ஒளிந்துகொள்ளப் போகிறார்,
உன்னிச்சை வட்டையில், வக்கடை வாயில்,
கணுக்கால் தண்ணீரில் குப்புறக் கிடந்த மனிதர்?

ஐந்து மாதம் கழித்து நேசமலர் வந்தாள்.
பதிவுத் தபாலில் வந்ததை வாசிக்கச் சொன்னாள்.
என் எழுத்தையே எனக்குத் தெரியாததுபோல் வாசித்தேன்.

“அப்ப செத்தது வேற ஆளாகா?”

“அப்பிடித்தான் எழுதியிருக்காங்க.”

“எங்கட ஆள் சாகல்லையா?”

“கடதாசியில சாகல்ல.”

மின்விசிறி சுற்றியது. பிரதி எடுக்க வந்த பையன்
அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
அவள் கடிதத்தை நாலாக மடித்தாள்,
பிறகு எட்டாக.

“அப்ப அவருக்கு ஒரு கடிதம் அடிச்சித் தாங்க.
பெரும்போகம் விதைக்க ஆளில்ல.
மூத்தவள் வந்தாறுமூலை கம்பஸுக்கு எடுபட்டிருக்காள்,
தகப்பன் கையொப்பம் கேக்கிறாங்க.
நாலு தரம் கொழும்புக்குப் போய் வந்த பஸ் காசு
நகைக்கடையில கிடக்கு.
உசிரோட இருந்தா உடன வரச் சொல்லுங்க.”

சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை.
பெயரை எப்படி எழுத, என்றேன்.

“கொம்பு வச்சி எழுதுங்க.
கலியாண எழுத்தில அவர் அப்பிடித்தான் வச்சவர்.”

அரைப் பக்கம்கூட வரவில்லை.
நூறு ரூபாயை மேசையில் வைத்தாள்.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்,
எடுத்தது கை.