புகார்

கெலுகோ ஆற்றின் நீளம் இருபத்தொரு கிலோமீட்டர்.
தலைநகரத்து வரைபடத்தில்
மை தீர்ந்த பேனா கிழித்த கோடு.
சதுப்புக் காட்டின் வேர்களுக்கடியில் ஊறி
தேயிலை நிறத்தில் இறங்கி வரும்.
ஏழு மரப்பாலங்கள், மூடிப்போன ஒரு மரம் அறுக்கும் ஆலை,
பாயியான் வீட்டு உருளைக்கிழங்கு வயல்.
அதற்கப்புறம் அதற்கு அவசரமே இல்லை,
அகலத் தொடங்கிவிடும்.

அகன்ற இடத்தில், தண்ணீருக்குள்
வேலிக்கம்பங்கள் நிற்கின்றன.
அறுபதாம் ஆண்டு பூமி குலுங்கியபோது
மேய்ச்சல் நிலம் ஓர் ஆள் உயரம் கீழே போனது.
மாடு மேய்ந்த இடத்தில் இப்போது
கருங்கழுத்து அன்னங்கள் தலைகீழாய் மேய்கின்றன.
நிலவரி ரசீது மட்டும் இன்னமும் பழைய பெயருக்குப் போகிறது.
அனுப்புவது நான்தான்.
நகராட்சியில் எனக்கு மூன்று வேலை:
வரி, நாய் உரிமம், புகார்.

புகார் என்றால்
ஆறு கடலுக்குள் புகும் வாய்.
எங்கள் ஊரில் அந்த வாய்க்கு நிலையான முகவரி கிடையாது.
தெற்கிலிருந்து வரும் அலை
மணலை இழுத்து இழுத்து வந்து
கோடை முடிவதற்குள் அதைத் தைத்துவிடும்.
தைத்த தழும்பின்மேல்
வடகரைப் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து வருவார்கள்,
காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு.
வாய் திறந்திருக்கும் மாதங்களில்
பாலத்தைச் சுற்றிப் பத்தொன்பது கிலோமீட்டர்.

மே மாத மழைக்கு
ஆறு உள்ளுக்குள்ளேயே வீங்கும்.
ரோசமெல் பாயியான் வருவார்,
பூட்ஸிலிருந்து என் தரையில் ஒரு சின்ன ஏரி.
"கிழங்கு அழுகுது. வாயைத் திறங்க."
எழுதிக்கொள்வேன்.
மறுநாள் வடகரையிலிருந்து எதெல்வினா:
"திறந்தா என் மூணு பிள்ளையும் எப்படி வரும்?"
அதையும் எழுதிக்கொள்வேன்,
அதே பக்கத்தில்,
நடுவே ஒரு வரி விட்டு.

இந்த வருடம் ஜூன் ஒன்பதாம் தேதி இரவு
யாரோ மண்வெட்டியோடு போயிருக்கிறார்கள்.
யாரோ என்றுதான் பதிவேட்டில் இருக்கிறது.
ஒரு முழ அகலம் வெட்டினால் போதும்,
மீதியை ஆறே வெட்டிக்கொள்ளும்.
விடிவதற்குள் நாற்பது அடி.
கடலுக்குள் ஒரு மைல் தூரம்
தேயிலைத் தண்ணீர் நாக்கை நீட்டிக் கிடந்தது.

பத்து மணிக்கு
வடகரையில் ஒரு சவப்பெட்டி வந்து நின்றது.
நிபால்தோ மரிலாவோ, எழுபத்தாறு, நுரையீரல்.
கடல்மீன் உள்ளே ஏறட்டும் என்று அவரும்
தன் காலத்தில் வெட்டியவர்தான்;
என் பழைய பதிவேடுகளில்
நான்கு முறை வருகிறார், யாரோ என்ற பெயரில்.
கல்லறை தென்கரையில்.
சுமந்து வந்த ஆறு பேரும் பெட்டியை மணலில் வைத்துவிட்டு
நேற்றுவரை தரையாய் இருந்ததைப் பார்த்தார்கள்.
அவர் மகள் எதெல்வினா கத்தியது
இக்கரைக்குக் கேட்கவில்லை.
கை மட்டும் தெரிந்தது.

ரோசமெல் தன் கிழங்குப் படகை இழுத்து வந்தார்.
யாரும் கூப்பிடவில்லை.
வாயருகே நீரோட்டம் ஆளை விழுங்கும் என்பதால்
மேலே போனார், வேலிக்கம்பங்கள் வரைக்கும்.
ஒவ்வொரு கம்பமாய்ப் பிடித்துப் பிடித்து,
முழுகிய வயலின் எல்லையை
இன்றும் யாரோ சொந்தக்காரர் பார்த்துக்கொண்டிருப்பதுபோல்
தாண்டாமல் ஓரமாகவே போய்
அக்கரை சேர்ந்தார்.

பெட்டியை ஏற்றப் போனபோது
படகில் மண்வெட்டி கிடந்தது,
ஈர மணலோடு.
எதெல்வினா அதைப் பார்த்தாள்.
பிறகு அதை ஒதுக்கி
அப்பாவின் கால்மாட்டுக்கு இடம் பண்ணினாள்.

திங்கட்கிழமை வந்தாள், புகார் கொடுக்க.
வாயைத் திறந்துவிட்டார்களாம்.
யார் என்று கேட்டேன்,
படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.
சன்னல் வழியே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றாள்.

அதே வாரம் நில அளவைத் துறையிலிருந்து ஒரு காகிதம்:
ஆற்றின் முகத்துவாரம் எங்கே,
அட்சரேகை, தீர்க்கரேகை,
மையால் மட்டும் நிரப்பவும்.
பென்சிலை நன்றாகச் சீவிக்கொண்டேன்.
வெளியே, தெற்குப் பக்கத்தில் மட்டும்,
அலை ஒரு கை மணலை வைத்துவிட்டுப் போயிருந்தது.