ஆறு கார்பன் வால்

ஒரு ஜீனை வெட்டியெடுத்த பாக்டீரியா.
பேச வராது, கேட்க மட்டும் வரும்.
அதற்கான சொல்லை நான்தான் சமைக்கிறேன்,
யஷ்வந்த்பூர் ஆய்வகத்தில், மூன்றாம் முறை.

முதல் முறை கரண்ட் போனது.
அடுத்த முறை மழை ஈரம் குடுவைக்குள் நுழைந்து
வளையம் திறந்துகொண்டது.
இன்று சிலிக்கா வழியே சொட்டுச் சொட்டாய் இறங்கி
நூற்றுப் பத்து மில்லிகிராம் வெள்ளைத் தூள்.

ஆறு கார்பன் வாலுள்ளதை ஒரு தட்டில் விட்டேன்,
பத்து கார்பன் வாலுள்ளதை இன்னொன்றில்.
மற்றபடி இரண்டும் அச்சு அசல்.

ராத்திரி ஆட்டோவில்
நாலு வருஷமாய்த் திருத்திய கன்னடத்தில் வழி சொன்னேன்.
திரும்பாமலே தமிழில் கேட்டார்:
"மத்திகெரே சர்க்கிளா, அதைத் தாண்டியா?"
எந்த எழுத்தில் மாட்டினேனோ.

காலையில் முதல் தட்டு
நாவற்பழம் தின்ற நாக்கு.
இரண்டாவதில் ஒரு பொட்டு ஊதா இல்லை.
சுமேதா எட்டிப் பார்த்து "ஆகலில்வா?" என்றாள்.

கேட்டிருக்கும், என்றேன்.
பதில்தான் சொல்லவில்லை.
நாளை இதே தட்டில் ஆறு கார்பனையும் விடவேண்டும்.
அப்போதும் வெளுத்தே கிடந்தால்
என் பொய்ச்சொல் அதன் காதை
அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.