முந்திரிக் கட்டை வரை

கேப்பர் மலையை மலை என்று சொன்னால்
வால்பாறைக்காரன் சிரிப்பான்.
சிரிக்கட்டும்.
மழை அறுத்துப்போட்ட இந்தச் செம்மண் ஓடைக்குள்
அவன் வண்டியை இறக்கிப் பார்த்ததில்லை.
மறுகரை ஏறும்போது
முன்கண்ணாடி முழுக்க வானம்.
பாதை எங்கே என்று
பின்புறத்தால்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது ஞாயிறு.
வெட்டிப்போட்ட முந்திரிக் கட்டைக்கு ஒரு முழம் கீழே
அதே இடத்தில்
ஜீப் இருமுகிறது, இரண்டு தரம்.
ஒரு விக்கல்.
பிறகு ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்றால்
சிறைச்சாலை மணி,
எந்த வீட்டிலோ குக்கர்,
பானட்டுக்குள் சூட்டிரும்பு டிக் டிக்கென்று சுருங்குவது.
கைப்பிடியை விடாமல் ரெஜினா கேட்பது:
"பெட்ரோல் போட்டியா இல்லியா?"

போட்டேன். இருபது லிட்டர்.

பிரேக்கின் மேல் உடம்பு மொத்தத்தையும் வை.
ரிவர்ஸில் போட்டுக் கிளட்சை விட்டுவிடு,
அதன்பிறகு அதைத் தொடாதே,
தொட்டால் வண்டி சரிவுக்குச் சொந்தம்.
சாவியைத் திருப்பு.
ஏற மாட்டேன் என்று செத்த இஞ்சின்
இறங்க என்றதும் எழுந்துகொள்கிறது.
ஸ்டியரிங்கை ஒடிக்காமல்
வந்த தடத்திலேயே, பின்னால் பார்த்தபடி,
மூன்று ஞாயிறாக இதில் மட்டும் தேர்ந்துவிட்டேன்.

ஓ.டி. ரயில்வே கேட்டுப் பக்கம் கௌஸ் பாஷா
பழைய பேப்பரை விரித்துக் கார்புரேட்டரைப் பிரித்தார்.
உள்ளே ஒரு பித்தளை மிதவை,
எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிசு.
"தலைவரு சமதளத்து ஆளு.
வண்டி சாஞ்சா பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்குது.
இவரு ரொம்பிடுச்சுன்னு கதவ மூடிடுறாரு.
இஞ்சின் பட்டினி.
கணக்குல வயிறு ஃபுல்லு."

நான் சிப்காட் கேண்டீனில்
ஸ்டோர் ரிஜிஸ்டர் எழுதுகிறவன்.
மிதவையின் முகத்தைப் பார்க்கவில்லை.
ரெஜினா என்னைப் பார்த்தாள்.

மூக்குக் குறடால் அதன் நாக்கை வளைத்தார்,
நெல் முனை அளவு.
"இதுக்கு மேல வளைச்சா
சமதளத்துல மூச்சு முட்டும்.
எவ்ளோ உசரம் வேணும்னு நீயே பாத்துக்க."
நூற்றைம்பது வாங்கிக்கொண்டார்.

நாலாவது ஞாயிறு, விடிந்தும் விடியாமல்.
ஓடை ஈரம். லோ கியர்.
வானம் கண்ணாடியில் ஏறியது.
ரெஜினா முன்னால் குனிந்துகொண்டாள்,
அவள் நாற்பத்தெட்டு கிலோ
எதையோ இழுத்துவிடும் என்பதுபோல.
கட்டை வந்தது.
பக்கவாட்டில் நகர்ந்தது.
காணோம்.

நாங்கள் கத்தி முடிப்பதற்குள்
இருமல், விக்கல்.
மொத்தம் ஆறு முழம் கூட ஏறியிருந்தோம்.

பின்பார்வைக் கண்ணாடியில், முந்திரித் தலைகளுக்கு மேலே,
கட்டைக்குக் கீழிருந்து ஒருநாளும் தெரியாத ஒன்று:
மை தீர்ந்த பேனாவால் இழுத்ததுபோல் கடல்.
"நாமதான் சாஞ்சு கெடக்கோம்,
அது பாரு" என்றாள்.

ரிவர்ஸில் போட்டேன்.
சாவியில் கை.
"இறக்கட்டுமா?"

"இரு.
அந்த டிக் டிக் நிக்கட்டும்."